கடற்கரை மணல் எங்கே போகிறது?



சென்ற வாடைக்காலம் கழிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, கடலோரத் தெருவைச் சேர்ந்த சிலர் கையில் ஒரு மனுவோடு காத்திருந்தார்கள். "சாமி, கடல் இருபது பாகம் உள்ளே வந்துவிட்டது. வலை காயப்போட இடமில்லை, படகை ஏற்றி வைக்க இடமில்லை. கல் கொட்டித் தரும்படி மனு எழுதியிருக்கிறோம், நீங்களும் கையெழுத்துப் போடவேண்டும்" என்றார்கள். நான் யோசியாமல் போட்டேன். அன்று மாலையே வடக்கூர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்து, "உங்கள் ஊருக்குக் கல் வந்தால் எங்கள் ஊர் கரைந்துபோகுமே சாமி, அதை நினைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. குருமடத்தில் தத்துவமும் வேதசாஸ்திரமும் படித்தவனுக்கு மணலைப்பற்றி என்ன தெரியும்? மனுவை அனுப்பாமல் மேசையில் வைத்துக்கொண்டு, இந்தச் சில மாதங்களாய்ப் படித்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் வந்தேன். அறிந்தவற்றை இவ்வாரம் உங்கள்முன் வைக்கிறேன். சற்று நீளமாயிருந்தாலும் பொறுமையாய்ப் படியுங்கள். காரியம் நம் எல்லோருடைய வீட்டு வாசலையும் பற்றியது.

முதலில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. அலை உடையும் இடத்தில் ஒரு காய்ந்த தேங்காயை எறிந்துவிட்டு, அதற்கு நேரே கரையில் ஒரு கம்பை நட்டுக் கால் மணி நேரம் கவனியுங்கள். தேங்காய் கம்புக்கு நேரே நிற்பது அபூர்வம். ஏன்? அலை பெரும்பாலும் கரைக்குச் சற்றே சாய்ந்து வருகிறது. நுரையும் சாய்வாகவே மணல்மேல் ஏறுகிறது. ஆனால் இறங்கும்போது தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து நேராக இறங்குகிறது. ஏறும்போது ஒரு சாண் பக்கவாட்டில் போன மணல், இறங்கும்போது அந்தச் சாணைத் திருப்பித் தருவதில்லை. அடுத்த அலை இன்னொரு சாண் தள்ளுகிறது. இப்படி நாளெல்லாம், இரவெல்லாம், கரையோரமாய் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. அலை உடையும் இடத்துக்குள் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டமும் உண்டாகி, கலங்கி எழுந்த மணலை இழுத்துக்கொண்டு போகிறது.

நமது கிழக்குக் கரையில், தென்மேற்குப் பருவத்தையொட்டிய நீண்ட மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளுகிறது. வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து வந்து தெற்கே தள்ளுகிறது. முன்னது நீண்ட காலம், பின்னது குறுகிய காலம். ஆகவே வருஷக் கணக்கில் மிச்சம் வடக்கு நோக்கியே போகிறது. வடக்கூர்ப் பெரியவர் இதை எந்தப் புத்தகத்திலும் படித்தவரல்லர். அவருக்கு அது கண்ணால் கண்ட கணக்கு.

இனி, ஓர் ஊரின் கரையை ஒரு கடைக்காரனுடைய கணக்கேடாக எண்ணிக்கொள்ளுங்கள். தெற்கிலிருந்து வரும் மணல் வரவு, வடக்கே போகும் மணல் செலவு. இரண்டும் சமமாயிருந்தால் கரை இருந்த இடத்தில் இருக்கிறது. நேற்றிருந்த மணலே இன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது வேறு மணல். செலவு அப்படியே இருக்க, வரவு மட்டும் நின்றுபோனால் என்ன ஆகும்? கரை முதலை எடுத்துச் சாப்பிடத் தொடங்கும். இதைத்தான் நாம் "கடல் வந்துவிட்டது" என்கிறோம். பல சமயம் கடல் வரவில்லை, மணல்தான் வரவில்லை.

இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். சென்னைத் துறைமுகத்தைக் கட்டும் வேலை 1870-களில் தொடங்கிற்று. 1881-இல் அடித்த புயல் அதைச் சிதைத்தது; மறுபடியும் கட்டினார்கள். கடலுக்குள் நீண்ட அந்தச் சுவர்கள் வடக்கே நடந்துகொண்டிருந்த மணலை மறித்தன. மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிற்று. முன்னே கோட்டைக்குச் சமீபத்தில் அலை அடித்த கரை வருஷந்தோறும் விலகிப்போய், இன்று மெரினாவில் கால் கடுக்க நடந்தால்தான் தண்ணீரைத் தொடலாம் என்ற நிலை வந்தது. கிழக்கு நோக்கியிருந்த துறைமுக வாசலும் மணலால் தூர்ந்ததால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அடைத்து வடகிழக்கே வேறு வாசல் திறக்க வேண்டியதாயிற்று. வடக்கே? ராயபுரத்துக்கும் அதற்கு அப்பாலுள்ள குப்பங்களுக்கும் வரவேண்டிய மணல் வராமற் போகவே, அங்கே கரை தேய்ந்து தேய்ந்து, கடைசியில் கல் கொட்டியே சாலையையும் வீடுகளையும் காப்பாற்ற வேண்டி வந்தது. சென்னையில் மாலை வேளையில் காற்று வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் உட்கார்ந்திருக்கும் மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்குப் போகவேண்டியது என்று தெரியும்?

புதுச்சேரியிலும் அதுவே நடந்தது. 1980-களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே கொட்டும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது ஒழுங்காய் நடைபெறவில்லை. சில வருஷங்களுக்குள் நகரத்தின் மணற்கரை மறைந்து கருங்கல்லே மிஞ்சிற்று. கல் போட்ட இடம் நின்றது. அரிப்பு அதற்கு வடக்கே நகர்ந்தது. அங்கேயும் கல் போட்டார்கள்; அரிப்பு இன்னும் வடக்கே போய்த் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று ஊர் ஊராய்ப் படியேறிற்று.

கல்லைப்பற்றி நியாயமாய்ப் பேசவேண்டும். கரைக்கு இணையாகக் கல் கொட்டினால், அதற்குப் பின்னாலுள்ள வீடு நிற்கும். இன்றிரவு வீடு விழப்போகிறது என்கிறவனுக்குக் கல் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கல் ஒரு பிடி மணலையும் உண்டாக்குவதில்லை. அதன் முன்னாலிருக்கும் மணலும், மோதித் திரும்பும் அலையால் நாளடைவில் தோண்டப்பட்டுப் போகிறது. அப்புறம் வலை எங்கே காயும், படகு எங்கே ஏறும்? கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவோ மணலைப் பிடித்து வைக்கிறது, மெய்தான். யாருக்கு வரவேண்டிய மணலை என்பதே கேள்வி.

கல்லைத் தவிர வேறு வழி உண்டா? உண்டு, மணல் குறைந்த இடத்தில் மணலையே கொடுப்பது. கேட்கும்போது, "கடலில் மணலைக் கொட்டுவதா, இதைவிட வீண் வேலை உண்டா!" என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அமெரிக்காவில் நியூயார்க்கையடுத்த கோனி தீவில் 1922-ஆம் ஆண்டு வாக்கிலேயே இப்படி மணல் இட்டுக் கரையை அகலப்படுத்தினார்கள். இதை ஒரு தேசத்தின் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டு, சாஸ்திர முறையில் ஆராய்ந்தவர்கள் ஹாலந்து தேசத்தார்.

மணல்மேல் வீடு கட்டினவனைப்பற்றி நாம் சுவிசேஷத்தில் கேட்டிருக்கிறோம். ஹாலந்திலோ ஒரு தேசமே மணற்குன்றுகளுக்குப் பின்னால் வீடு கட்டிக் குடியிருக்கிறது. நாட்டின் நிலத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1953-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, புயலோடு பொங்கிய கடல் தென்மேற்குப் பகுதியின் அணைகளை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. அந்நாட்டில் மட்டும் 1,836 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப்பின் பிரமாண்டமான அணைகளைக் கட்டினார்கள். ஆயினும் திறந்த மணற்கரைகளை என்ன செய்வது? 1990-இல் ஒரு தீர்மானம் செய்தார்கள்: அன்றிருந்த கரைக்கோட்டுக்கு உள்ளே கடலை விடுவதில்லை, அதை முடிந்தமட்டும் மணலைக் கொண்டே காப்பது. முதலில் வருஷத்துக்குச் சுமார் 60 லட்சம் கன மீட்டர் மணல் இட்டார்கள். 2001 முதல் அதை 1 கோடியே 20 லட்சமாக உயர்த்தினார்கள். மணலைக் கரையோரத்தில் எடுப்பதில்லை. 20 மீட்டர் ஆழத்துக்கு அப்பாலுள்ள கடலடியிலிருந்து கப்பல்கள் உறிஞ்சிக்கொண்டு வருகின்றன. வீட்டுச் சுவரைப் பெயர்த்து அதே வீட்டுத் திண்ணையைக் கட்டக்கூடாதல்லவா?

இதில் ஒரு தொல்லை இருந்தது. ஓரிடத்தில் இட்ட மணல் சில வருஷங்களில் தீர்ந்துபோகும். மறுபடியும் கப்பல் வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் அங்கே மணலுக்குள் வாழும் புழுக்களும் சிப்பிகளும் புதைந்து சாகின்றன. அவற்றைத் தின்னும் மீனுக்கும் பறவைக்கும் அதனால் நஷ்டம். ஆகவே டெல்ஃப்ட் நகரத் தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் பேராசிரியர் மார்செல் ஸ்டீவ் முதலானோர் வேறொரு யோசனையை முன்வைத்தார்கள்: இருபது வருஷத்து மணலை ஒரே இடத்தில் ஒரே தடவையில் குவித்துவிடுவோம், கரை நெடுகப் பரப்புகிற வேலையை அலையும் நீரோட்டமும் காற்றும் கூலியில்லாமல் செய்துகொள்ளட்டும்.

2011-ஆம் ஆண்டு ஹேக் நகரத்துக்குத் தெற்கே, டெர் ஹைடே என்ற கடலோரச் சிற்றூருக்கு அருகில் அதைச் செய்தார்கள். இட்ட மணல் மொத்தம் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர். லாரிக்குப் பத்துக் கன மீட்டர் என்று வைத்தால் இருபத்தொன்றரை லட்சம் லாரி. அதில் பெரும் பகுதி தூண்டில் முள்ளைப்போல் வளைந்த ஒரு முனையாகக் கடலுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீண்டது. மீதி இரு பக்கமும் கடலடியில் இடப்பட்டது. தண்ணீருக்கு மேலே தெரிந்த நிலம் 128 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 316 ஏக்கர். செலவு ஏறக்குறைய 7 கோடி யூரோ. "மணல் எஞ்சின்" என்று அதற்குப் பேரிட்டார்கள்.

ஒரே பெரிய குவியல் எதற்கு, சிறு சிறு குவியலாய் இட்டால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை பழைய கணக்கு ஒன்றில் இருக்கிறது. 1956-இல் பெல்னார் கோன்சிதேர் என்ற பிரெஞ்சு எஞ்சினீர், கரையிலுள்ள ஒரு மேடு பரவுகிற விதமும், இரும்புக் கம்பியில் ஓரிடத்தைக் காய்ச்சினால் சூடு பரவுகிற விதமும் ஒரே சமன்பாட்டுக்கு அடங்கும் என்று காட்டினார். அந்தக் கணக்கின்படி மேட்டின் நீளத்தை இரட்டித்தால் அது கரைந்து தீரும் காலம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. சிறு குவியல் சீக்கிரம் தீர்ந்துபோவதும், பெரிய குவியல் நெடுங்காலம் ஊட்டிக்கொண்டிருப்பதும் இதனாலேதான்.

கணக்கு சரி, கடல் அதற்குக் கீழ்ப்படிந்ததா? அதை அறிவதற்கே டெல்ஃப்ட், உத்ரெக்ட், ட்வென்டே, வாகனிங்கன் முதலிய சர்வகலாசாலைகளிலிருந்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் 12 மாணவர்கள் அந்த மணலை ஆளுக்கொரு கோணத்தில் எடுத்துக்கொண்டு வருஷக்கணக்காய் ஆராய்ந்தார்கள். டாக்டர் பட்டம் என்றவுடன் நாம் நூல்நிலையத்தை நினைக்கிறோம். இவர்களுடைய வேலையில் பாதி, குளிரிலும் மழையிலும் அளவெடுப்பது. தண்ணீரில் பாயும் சிறு மோட்டார் ஊர்தியில் அளவுக் கருவியைக் கட்டிக் கடலடியின் ஆழத்தையும், நான்கு சக்கர வண்டியில் மணல்மேட்டின் உயரத்தையும், முதல் வருஷங்களில் ஏறக்குறைய மாதந்தோறும் அளந்தார்கள். மணல்மேல் சுமார் 40 மீட்டர் உயரக் கம்பம் ஒன்றை நட்டு, அதன் உச்சியிலிருந்த காமிராக்களால் பகல் முழுதும் படமெடுத்தார்கள்.

முதல் பதினெட்டு மாதத்தில் சுமார் 18 லட்சம் கன மீட்டர் மணல் அந்த முனையை விட்டுப் போய்விட்டது. நம்முடைய பத்திரிகைகள் "மணல் போச்சு!" என்று எழுதியிருக்கும். மாணவர்களோ அது எங்கே போயிற்று என்று அளந்தார்கள். பெரும் பகுதி முனைக்கு வடக்கேயும் தெற்கேயுமுள்ள அண்டைக் கரைகளில் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே சேரவேண்டும் என்றுதானே அதைக் குவித்தது? நமக்கு வழக்கமாய் வராத எண்ணம் இது. கல் தன் ஊரின் எல்லைக்குள் வேலை செய்கிறது. மணல் எல்லை பார்ப்பதில்லை.

எது அதை அரித்தது? ஆர்யன் லூயெண்டைக் என்பவரும் அவருடைய சகாக்களும் முதல் வருஷத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடியும் நடத்திப் பார்த்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். அரிப்பில் ஏறக்குறைய 75 சதவீதம் அலையினால், 17 சதவீதம் கடல் ஏறி இறங்குவதனால். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள பங்கு அற்பம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த வருஷத்தின் மிக வலிய 12 கொந்தளிப்புகள் எல்லாம் சேர்ந்து செய்த அரிப்பு சுமார் 60 சதவீதம்தான். மீதி நாற்பதைச் செய்தவை யாரும் பேர் வைக்காத, யாரும் பயப்படாத அலைகள். கொந்தளிப்பிலும், அலையின் உச்ச உயரத்தைவிட அது எத்தனை நேரம் நீடித்தது என்பதே அதிகக் கணக்குக்கு வந்தது. புயலன்று மட்டும் ஓடிப்போய்க் கரையைப் பார்த்துவிட்டு மற்ற நாளெல்லாம் மறந்துவிடுகிற நாம் இதைக் கவனிக்கவேண்டும்.

எதிர்பார்த்ததெல்லாம் நடந்துவிடவுமில்லை. காய்ந்த மணல் இத்தனை ஏக்கர் கிடக்கிறதே, காற்று அதை வாரிக் கரைக்குப் பின்னாலுள்ள மணற்குன்றுகளில் சேர்க்கும், குன்றுகள் மளமளவென்று வளரும் என்று நம்பினார்கள். வளர்ந்தன, ஆனால் நினைத்ததைவிட மெதுவாக. பாஸ் ஹூன்ஹவுட் என்ற மாணவர் 2017-இல் டாக்டர் பட்டத்துக்கு அளித்த ஆராய்ச்சியில் இதன் காரணத்தைத் தேடினார். மேட்டின் மேலிருந்த பொடிமணலைக் காற்று முதலில் கொண்டுபோயிற்று. கிளிஞ்சலும் பருமனான துகளும் பின்தங்கிப் படிந்து, கீழுள்ள மணலுக்குக் கவசம்போல் ஆகிவிட்டன. அதன்பின் காற்று என்ன அடித்தும் அங்கே மணல் எழும்பவில்லை. காற்றில் பறந்த மணலில் பாதிக்கு மேல், அலை அடிக்கடி புரட்டிப்போடும் தாழ்ந்த ஈரக் கரையிலிருந்தே வந்தது. ஈர மணல் பறக்காது, காய்ந்த மணல்தான் பறக்கும் என்பது நம் எல்லோருடைய நிச்சயம் அல்லவா? அளந்து பார்த்தபோது கதை வேறாயிருந்தது. போதாததற்கு, மேட்டின் நடுவே விட்டிருந்த குளமும் காயலும் பறந்துவந்த மணலை விழுங்கிக்கொண்டன.

வேறு சில மாணவர்கள் வேறு சிலவற்றைக் கண்டார்கள். மணல்மேட்டின் அடியில் மழைநீர் இறங்கி நல்ல தண்ணீர் பெருகிற்று. உப்புக் கிணற்றோடு மல்லுக்கட்டும் நம் தாய்மார்களுக்கு இது செவிக்கினிய செய்தி. காயல் வாயில் ஓட்டம் பலத்து, குளிக்கப்போகிறவர்களுக்கு ஆபத்தாயிற்று. எப்போது, எங்கே என்று கண்டறிவதே ஒருவருடைய ஆராய்ச்சியாயிற்று. இன்னொன்று, குழந்தைகளுக்காகச் சொல்கிறேன்: உறிஞ்சிவந்த கடலடி மணல், முன்னொரு காலத்தில் தரையாயிருந்த இடத்து மணல். ஆகையால் அதில் மாமத யானையின் பல்லும் எலும்பும் அகப்பட, ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பொறுக்கவே ஒரு கூட்டம் வந்தது!

ஹாலந்தில் செய்ததை அப்படியே இங்கே செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடம் பணம் இருக்கிறது. கடலடியில் ஏற்ற மணல் ஏராளமாயிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் 1965 முதல் தங்கள் கரையின் குறுக்குவெட்டை வருஷந்தோறும் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கோ ஆற்று மணல் அணைகளில் தங்கிவிடுகிறது, மீதியை லாரிகள் கொண்டுபோகின்றன. கடலுக்கு வருவதே சொற்பம். இடுகிற மணல் பொடியாயிருந்தால் முதல் வாடைக்கே கரைந்துபோகும். எடுக்கிற இடம் மீன் குஞ்சு பொரிக்கும் இடமாயிருந்தால் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியதாகும். ஆனாலும் நம் பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. புதுச்சேரியில் 2018-19-ஆம் ஆண்டுகளில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வகுத்த திட்டப்படி, நகரக் கரையின் வடபகுதியில் நீருக்குள் ஆப்பு வடிவில் ஒரு தடுப்பை அமைத்து, துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கரையில் இட்டார்கள். கருங்கல் மட்டுமே கிடந்த இடத்தில் ஒரு பகுதிக்கு மணல் திரும்பி வந்தது.

உலகத்துக் கடற்கரைகள் எல்லாமே அழிந்துகொண்டிருக்கின்றன என்று சிலர் பேசுகிறார்கள். முன்சொன்ன லூயெண்டைக் முதலானோர் 1984 முதல் 2016 வரை செயற்கைக் கோள்கள் எடுத்த படங்களைக்கொண்டு உலக மணற்கரைகளை அளந்து 2018-இல் வெளியிட்ட கணக்கு வேறு சொல்கிறது: 24 சதவீதம் தேய்கிறது, 28 சதவீதம் வளர்கிறது, மீதி 48 சதவீதம் நின்ற இடத்தில் நிற்கிறது. ஓரிடத்துத் தேய்வும் வேறோரிடத்து வளர்ச்சியும் பல சமயம் ஒரே சுவரின் இரு பக்கங்கள் என்பதைச் சென்னையிலேயே கண்டோம்.

இனி நம் மனு. அதில் என் கையெழுத்து இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அது இப்போதுள்ளபடி போகக்கூடாது என்பது என் அபிப்பிராயம். நமக்குத் தெற்கே எந்தக் கட்டடம் மணலை மறிக்கிறது, அங்கே தேங்கியதை அள்ளி இங்கே கொட்ட முடியுமா, கல்தான் என்றால் அதன் வடமுனைக்கு அப்பால் என்ன நடக்கும், அங்கேயும் மணல் இடுவார்களா, எத்தனை வருஷத்துக்கு ஒருதரம், யார் செலவில் என்றெல்லாம் அதில் கேட்டிருக்கவேண்டும். நாம் ஒன்றும் அளக்கவுமில்லை. கோயில் கொடிமரத்திலிருந்து அலைவாய் வரை எத்தனை பாகம் என்று மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைக்க இரண்டு வாலிபர்கள் போதும். ஒரு கயிறும் ஒரு நோட்டும் நான் தருகிறேன். அலுவலகத்தார் கேட்கும்போது காட்ட நம் கையில் ஏதாவது இருக்கவேண்டுமே.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் பங்குப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் கூடுவோம். வடக்கூர்ப் பெரியவரையும் அவருடைய ஊராரையும் வரச்சொல்லியிருக்கிறேன். மனுவை அவர்கள் முன்னிலையில் வாசித்துத் திருத்தி எழுதுவோம்; இரண்டு ஊர்க் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். கடலோரத் தெருவார் ஒருவரும் தவறாமல் வரவும்.